ராணியை வெட்டுக் கொடுத்த பையன்

பாபி ஃபிஷர்னு சொன்னாலே நம்ம செஸ் பைத்தியங்கள் உடனே எடுத்து விடுறது, 13 வயசுல ராணியை வெட்டுக் கொடுத்து ஜெயிச்ச அந்த ஆட்டத்தைத்தான். எனக்கென்னவோ ராணியைக் கொடுத்தது அறுவடைன்னுதான் தோணுது. விதைச்சது தொடக்கத்துலயே.

1956 அக்டோபர் 17, நியூயார்க், மார்ஷல் செஸ் கிளப். ரோசன்வால்ட் போட்டி. அந்த வருஷம் அமெரிக்க ஜூனியர் பட்டம் ஜெயிச்சதால பையனுக்கு அழைப்பு. எதிரில் 26 வயசு டொனால்ட் பைர்ன், 1953-ல் அமெரிக்க ஓப்பன் ஜெயிச்சவர்.

ஃபிஷருக்குக் கறுப்பு. ஆடினது க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு. ஆஸ்திரியாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் 1922-ல் பெரிய போட்டிகளுக்குக் கொண்டு வந்தது. சூட்சுமம் ரொம்ப சிம்பிள்: நடுப்பலகையை எதிராளிக்கே விட்டுக்கொடு, அவன் சிப்பாய்களை நிறுத்தி ஆளட்டும், அப்புறம் ஓரத்துல இருந்து அடி.

பைர்ன் என்ன பண்ணார்? முதல் 11 நகர்த்தல்ல ராணிக்கு மட்டும் 3, ஒரே பிஷப்புக்கு 2. ராஜா இன்னும் கோட்டைக்குள்ள போகாம நடுவுல நிக்கிறார். அந்த நேரம் பார்த்து ஃபிஷர் குதிரையை ஓரத்துல, a4 கட்டத்துல வச்சான். சும்மா கிடைக்குதேன்னு வெட்டினா, இன்னொரு குதிரை e4 சிப்பாயை வெட்டி, ராணியையும் பிஷப்பையும் ஒண்ணா மிரட்டும். பைர்ன் வெட்டலை. ஆனாலும் e வரிசை திறந்துடுச்சு, ராஜா மாட்டிக்கிட்டார்.

17-வது நகர்த்தல்ல ராணியை விட்டுட்டு பிஷப்பை e6-க்குக் கொண்டு வந்தான். அந்த பிஷப்பை வெட்டியிருந்தா சில நகர்த்தல்ல குதிரையாலேயே மேட். பைர்ன் ராணியை எடுத்தார். அதுக்கு ஈடா ஃபிஷருக்கு ஒரு யானை, ரெண்டு பிஷப், ஒரு சிப்பாய் கிடைச்சது.

எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம்தான். தோல்வி நிச்சயம்னு தெரிஞ்சதும் பைர்ன் எழுந்து போயிருக்கலாம். போகலை. பையன் அழகா ஆடியிருக்கான், மேட் வச்சே முடிக்கட்டும்னு உட்கார்ந்திருந்தார். 41-வது நகர்த்தல்ல மேட்.

அந்தப் போட்டியில ஃபிஷர் எடுத்தது 11-க்கு நாலரைப் புள்ளிதான். ஆனா ஹான்ஸ் க்மாக் இதுக்கு 'நூற்றாண்டின் ஆட்டம்'னு பேர் வச்சார். 1972-ல் பையன் உலக சாம்பியன்.

நேரம் கிடைச்சா பலகையை எடுத்து ஆடிப் பாருங்க மக்களே. 17-க்கு ஓடாம 11-லயே கொஞ்சம் நில்லுங்க.