வெள்ளவத்தையின் தொடர்மாடிகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒருகாலத்தில் தென்னையைவிட உயரமான வீடு கிடையாது. ஓட்டுக்கூரை, முன்விறாந்தை, பின்வளவில் கிணறு. இளம் நிருபராக நான் கண்ட வெள்ளவத்தை அதுதான். 1921இல் கொழும்புக்குத் திட்டம் வரைந்த பற்றிக் கெடிஸ் விரும்பிய தோட்ட நகரின் சாயல் அங்கு எஞ்சியிருந்தது.

இன்று அதே ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கட்டுவோரின் இலாபவேட்கையே காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையே.

மாடிவீட்டைத் தனியுடைமையாக்க வழிசெய்த சட்டம் 1973இலேயே வந்துவிட்டது. ஆயினும் வெள்ளவத்தையை மேல்நோக்கி வளர்த்தது இடப்பெயர்வு. 1983 ஜூலை வன்செயலின்பின் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. வடக்கிலிருந்து கொழும்பு வந்தோர், தமிழ் அயலும் கோயிலும் கடைத்தெருவும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தையே நாடினர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணம் மாடிவீடுகளாயிற்று. தனிவீட்டில் இரவுக் கதவுத்தட்டலுக்கு அஞ்சியோர்க்குப் பலர் கூடிவாழும் மாடி ஆறுதலளித்தது.

விலையும் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் தம் வளவை விற்க நெடுநாள் மறுத்தார். மூன்று புறமும் சுவர்கள் எழுந்து, முற்றத்தில் வெயில் படாமற் போனபின் கையொப்பமிட்டார். அவருக்குக் கிடைத்தது, தமது கிணறு இருந்த நிலத்தின்மேல் நான்காம் மாடியில் ஒரு வீடு.

போர் 2009இல் முடிந்தது. கட்டடங்கள் எழுவது நிற்கவில்லை. போரின் வரலாற்றை எழுதுவோர், பதுங்குகுழிகளோடு இம்மாடிகளையும் கணக்கில் எடுக்கவேண்டும்.