கான் சாகிப்பின் சாக்கடைக் கணக்கு

இந்த வாரம் சாக்கடையைப் பற்றிப் பேசப்போகிறோம். காபியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் முதலில் அதைக் குடித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

முடித்தாச்சா? சரி, கிளம்புவோம். 1980. கராச்சி நகரம். ஊரின் வடமேற்கு மூலையில் ஒராங்கி என்று ஒரு குடியிருப்பு. பாகிஸ்தானில் இந்த மாதிரி இடங்களுக்குக் 'கச்சி ஆபாதி' என்று பெயர். அதாவது பட்டா கிடையாது, பிளான் கிடையாது, அப்ரூவலும் கிடையாது. 1965 வாக்கில் புரோக்கர்கள் சர்க்கார் நிலத்தைக் கூறுபோட்டு விற்க ஆரம்பித்தார்கள். 1971-ல் பங்களாதேஷ் பிறந்தபோது, அங்கிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த பிஹாரி முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்தார்கள். பட்டாணியர், பஞ்சாபியர், சிந்திகள், பலூச்சிகள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துச் சந்தில். சுமார் பத்தாயிரம் ஏக்கர். பின்னாளில் பத்து லட்சம் ஜனம்!

வீடுகளை அவர்களே கட்டிக்கொண்டார்கள். சிமென்ட் பிளாக் செய்து விற்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருந்தன. பிளாக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள், மேஸ்திரியையும் அவர்களே அனுப்புவார்கள். ஆக, வீட்டுப் பிரச்னை ஒருவழியாகத் தீர்ந்தது. தீராதது சாக்கடை. வாளிக் கக்கூஸ், அல்லது உறிஞ்சு குழி. குழி சில வருஷத்தில் நிரம்பிவிடும். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், மற்ற தண்ணீர் எல்லாம் சந்தின் நடுவே ஓடும். அதில்தான் பிள்ளைகள் விளையாடும்.

இந்த இடத்துக்கு 1980-ல் கதர்ச் சட்டை போட்ட ஒரு கிழவர் வந்தார். வயது 66. பெயர் அக்தர் ஹமீத் கான்.

மனிதர் சாதாரண ஆள் இல்லை. ஆக்ராவில் பிறந்தவர். ஐ.சி.எஸ். பாஸ் செய்து, கேம்பிரிட்ஜில் பயிற்சி எடுத்து, கிழக்கு வங்காளத்தில் அதிகாரியாக இருந்தவர். 1943-ல் வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்ததையும், வெள்ளைக்கார சர்க்கார் அதைச் சமாளித்த லட்சணத்தையும் கிட்டே இருந்து பார்த்தார். 1945-ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். ஐ.சி.எஸ்.ஸை! இன்றைக்கு ஐ.ஏ.எஸ். ஆவதற்கு எத்தனை பேர் ராத்திரி பகலாகப் படிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ராஜினாமா செய்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அலிகார் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்ப் பூட்டு செய்யும் தொழிலாளியாகச் சேர்ந்தார். இரண்டு வருஷம். ஏழை எப்படிச் சம்பாதிக்கிறான், எப்படிச் செலவழிக்கிறான் என்பதைப் புத்தகத்தில் படிக்கப் பிடிக்கவில்லை அவருக்கு. அப்புறம் பாகிஸ்தான் போனார். கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் காலேஜ் பிரின்சிபால். 1959-லிருந்து அதே ஊரில் கிராம முன்னேற்ற அகாடமியை நடத்தி, விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். 1963-ல் மகசேசே விருது. பங்களாதேஷ் தனி நாடானபோது அந்த உழைப்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இவர் இந்தப் பக்கம்.

அவரை ஒராங்கிக்கு அழைத்தவர் ஒரு பேங்கர். பி.சி.சி.ஐ. என்ற உலக அளவிலான வங்கியை ஆரம்பித்த ஆகா ஹசன் அபேதி. 'பணம் நான் தருகிறேன், ஏழைகளுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்பது ஏற்பாடு. கான் சாகிப் ஒரு நிபந்தனை போட்டார். 'எப்போது என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கக்கூடாது. எனக்கே இன்னும் தெரியாது.'

சொன்ன மாதிரியே மாசக்கணக்கில் ஒன்றும் செய்யவில்லை. சந்து சந்தாக நடந்தார். டீக்கடையில் உட்கார்ந்து பேசினார், பேச்சைக் கேட்டார். 'உங்களுக்கு இங்கே பெரிய தொல்லை எது?' என்று விசாரித்தார். சாக்கடை என்றார்கள். 'அப்படின்னா ஏன் கட்டிக்கலை?' என்றார்.

அதற்கு வந்த பதில்களை வைத்து நாலு தடைகள் என்று பட்டியல் போட்டார். இதுதான் இந்தக் கதையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் தடை, மனசு. 'சாக்கடை போட வேண்டியது சர்க்கார். நாங்க ஏன் காசு போடணும்?' நியாயமான கேள்விதான். ஆனால் சர்க்கார் வரவில்லை, வருகிற மாதிரியும் தெரியவில்லை.

இரண்டாவது, பணம். கான்ட்ராக்டர் ரேட்டில் சாக்கடை போட்டால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது.

மூன்றாவது, தொழில். வாட்டம் பார்ப்பது எப்படி, குழாயைப் பதிப்பது எப்படி, காங்கிரீட் கலவை என்ன விகிதம், யாருக்கும் தெரியாது.

நாலாவது, ஒற்றுமை. வீட்டை ஒருத்தர் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். சாக்கடையை அப்படிக் கட்ட முடியாதே! நடுவில் ஒரு வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டால் மொத்தச் சந்தும் நாறும்.

நாலு பூட்டு. கான் சாகிப்புக்குப் பூட்டுத் தொழில் தெரியுமே! ஒவ்வொன்றாகத் திறந்தார்.

நாலாவதிலிருந்து தொடங்கினார். பத்து லட்சம் பேரை ஒன்று சேர்ப்பது ஆகிற காரியமா? ஒரு சந்தில் இருபது முதல் நாற்பது வீடுதான் இருக்கும். அந்த இருபது பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். யார் யோக்கியன், யார் ஏமாற்றுவான் என்பதும் தெரியும். எனவே ஒரு சந்து, ஒரு யூனிட். சந்துக்காரர்களே கூடி ஒரு மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்த பிறகு மனு கொடுக்க வேண்டும். அப்போதுதான் திட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, எஸ்டிமேட் தருவார். மண்வெட்டி, அச்சு முதலான சாமான்கள் இரவல் கிடைக்கும். யோசனை இலவசம். பணம்? ஒரு பைசா கிடையாது. முக்கியமான விஷயம், சந்துக்காரர்களின் பணத்தைத் திட்டத்தார் தொட்டதும் கிடையாது. வசூல் செய்வது, செலவு செய்வது, கணக்கு வைப்பது எல்லாம் மேனேஜர் பாடு.

அடுத்து விலை. நான் பி.காம். படித்தவன், இந்த இடத்தில் எனக்குக் கை துறுதுறுக்கிறது. சர்க்கார் சாக்கடையின் விலையில் என்னென்ன இருக்கிறது? சிமென்ட், மணல், கூலி. அதற்கு மேலே கான்ட்ராக்டர் லாபம், அதற்கு மேலே சப்-கான்ட்ராக்டர் லாபம், அதற்கும் மேலே பில் பாஸ் செய்கிறவர்களுக்கான 'அன்பளிப்பு'. மேலே இருக்கிற மூன்றையும் எடுத்துவிட்டால்? டிசைனையும் எளிமையாக்கினார்கள். மேன்ஹோலைச் செங்கல் வைத்துக் கட்டாமல் இரும்பு அச்சில் காங்கிரீட்டாக வார்த்தார்கள். வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே 'ஹௌதி' என்று ஒரு சின்னத் தொட்டி. கெட்டிக் கழிவு அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது. கடைசியில் கக்கூஸும் சந்துச் சாக்கடையும் சேர்ந்து வீட்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் அடங்கியது. அரசாங்க மதிப்பீடு இதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்!

மனசுப் பூட்டும் தானாகத் திறந்தது. குழந்தைக்குப் பேதி என்று டாக்டருக்கு அழுகிற பணம் எவ்வளவு, ஈரத்தில் சுவர் இற்றுப்போய் மறுபடி பூசுகிற செலவு எவ்வளவு? கூட்டிப் பார்த்தவர்கள் ஆயிரத்தை எடுத்து வைத்தார்கள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் போட்ட காங்கிரீட் பல இடங்களில் சொதப்பல். கலவை சரியில்லை, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தவில்லை. பதிவு செய்து, காரணம் கண்டுபிடித்து, துண்டுப் பிரசுரம் அடித்துச் சந்து சந்தாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐ.நா. சபை ஆலோசகர்கள் வந்து, 'முதலில் சர்வே, பிறகு மாஸ்டர் பிளான், இலக்கு நிர்ணயம்' என்றார்கள். கான் சாகிப்புக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் தனியாகப் போய்ச் செய்தது சில சந்துகளோடு நின்றுபோனது. கான் சாகிப் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அவர் குழந்தைகளுக்காக எழுதிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு மத நிந்தனைக் குற்றச்சாட்டு வேறு!

சந்துகள் நிற்கவில்லை. ஒரு சந்து சுத்தமானதைப் பார்த்துப் பக்கத்துச் சந்து கேட்டது. 2000-ங்களின் ஆரம்பத்தில் கணக்கு எடுத்தபோது சுமார் 90,000 வீடுகளுக்குச் சாக்கடை வந்திருந்தது. மக்கள் தங்கள் கைக்காசாகப் போட்டது எட்டு கோடி ரூபாய்க்கு மேல். 1980-களின் ஆரம்பத்தில் ஒராங்கியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 130 வாக்கில் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பத்து வருஷத்தில் அது 40-க்கும் கீழே இறங்கியது. தடுப்பூசிக்கும் இதில் பங்கு உண்டு. சந்து காய்ந்ததற்கும் உண்டு.

வேடிக்கை பாருங்கள். பணம் கொடுத்த பி.சி.சி.ஐ. வங்கி 1991-ல் உலகமே கைகொட்டிச் சிரிக்கும்படி மோசடியில் மூழ்கிப்போனது. படித்த ஆடிட்டர்கள் பார்த்த கணக்கு அது. சந்து மேனேஜர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு நின்றது!

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'ஏன் சார், எல்லாத்தையும் ஜனங்களே செஞ்சுக்கிட்டா அப்புறம் சர்க்கார் எதுக்கு, வரி எதுக்கு?' நல்ல கேள்வி. கான் சாகிப்பும் அவருடன் வேலை பார்த்த ஆரிஃப் ஹசன் என்ற ஆர்க்கிடெக்டும் இதற்கு ஒரு கோடு கிழித்தார்கள். வீட்டுக் கக்கூஸ், சந்துச் சாக்கடை, பல சந்துகள் சேரும் குழாய், இந்த மூன்றும் மக்கள் வேலை. அதற்கு அப்பால் வரும் பெரிய குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் சர்க்கார் வேலை. அதை ஜனங்களால் செய்யவே முடியாது. இந்தக் கோட்டை 2006-ல் பாகிஸ்தானின் தேசியச் சுகாதாரக் கொள்கையும் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டது காகிதத்தில். தரையில் என்ன நடந்தது? சந்துச் சாக்கடை எல்லாம் போய் விழுவது 'நாலா' எனப்படும் இயற்கை ஓடைகளில். அதைக் கட்டி, மூடி, சுத்திகரிக்க வேண்டிய சர்க்கார் தன் பங்கைச் சரிவரச் செய்யவில்லை. கழிவில் பெரும்பகுதி அப்படியே கடலுக்குப் போகிறது. 2020 மழையில் கராச்சி மூழ்கியது. அடுத்த வருஷம் நாலாக்களை அகலப்படுத்துகிறோம் என்று கரையோரம் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். ஒராங்கி நாலா ஓரமும் தப்பவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பர்வீன் ரஹ்மான். டாக்காவில் பிறந்த ஆர்க்கிடெக்ட். பெரிய கம்பெனியில் பணக்காரர்களுக்குக் கட்டடம் வரைய வேண்டியவர், 1983-ல் கான் சாகிப்பிடம் வந்து சேர்ந்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தார். கராச்சியில் எங்கே நாலா ஓடுகிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சர்க்காரிடமே ஒழுங்கான வரைபடம் இல்லாத காலம். இவர்கள் நடந்தே போய் வரைந்தார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியிடம் ஏழு கோடி டாலர் கடன் வாங்கி, கோரங்கி என்ற பகுதிக்குச் சாக்கடைத் திட்டம் போட்டது சர்க்கார். 'இருக்கிற குழாய்களையும் நாலாக்களையும் பயன்படுத்தினால் இவ்வளவு செலவே இல்லை' என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். 1999-ல் அந்தக் கடன் ரத்தானது.

அதே வருஷம் அக்டோபரில் கான் சாகிப் காலமானார். பர்வீன் தொடர்ந்தார். அவருடைய வரைபடங்களில் மற்ற விஷயங்களும் தெரிய ஆரம்பித்தன. நகரத்துக் குடிநீர் எந்த இடத்தில் திருடப்பட்டு லாரியில் ஏறுகிறது, எந்தக் கிராமத்து நிலத்தின் மேல் யாருக்குக் கண்... 2013 மார்ச் 13-ம் தேதி சாயங்காலம், ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவரைக் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2021-ல் விசாரணைக் கோர்ட் தண்டனை கொடுத்தது. 2022-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஒராங்கியின் சந்துகளில் இன்றும் கால் நனையாமல் நடக்கலாம், குழாய் பூமிக்கடியில் இருக்கிறது. நாலா மட்டும் திறந்தே ஓடுகிறது. எது யார் பங்கு என்று கான் சாகிப் கிழித்த கோடு எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டிவிடும்.

உங்கள் சந்தில் எத்தனை வீடு?