பார்க்கர் இரட்டைக்குழல் துப்பாக்கி: அரிதும் விலையும்

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து மெரிடன் நகரில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1860-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவந்த வேட்டைத் துப்பாக்கி. 1934-இல் நிறுவனம் ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கைக்குப் போனது. உற்பத்தி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றது. மொத்தம் ஏறக்குறைய 2,42,000 துப்பாக்கிகள். ஆகவே பழமை மட்டும் இதை அரிய பொருளாக்கிவிடாது.

விலையைத் தீர்மானிப்பது தரமும் குழல் அளவும் சேரும் விதம். அடித்தட்டு 'டிரோஜன்' முதல் செதுக்குவேலை நிறைந்த 'ஏ-1 ஸ்பெஷல்' வரை தரவரிசை நீள்கிறது. அதற்கும் மேலே உச்சியிலுள்ள 'இன்வின்சிபிள்' மூன்றே மூன்று. 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) எளிதில் கிடைக்கும். 28 போரும் 410 போரும் குறைவாகவே செய்யப்பட்டதால், எளிய தரத்திலும் விலை எகிறும்.

அடுத்தது மாற்றம் செய்யப்படாத அசல் நிலை. எலும்புக்கரியில் வைத்துக் கெட்டிப்படுத்தும்போது உடற்பகுதியில் படிந்த நீல, பழுப்புத் திட்டுகள் மங்கலாகவேனும் மிஞ்சியிருக்க வேண்டும். மெருகு போட்டுப் பளபளப்பாக்கியது கண்ணுக்கு அழகு, விலைக்குக் கேடு. வெட்டிக் குறுக்கிய குழலும் மாற்றிய கட்டையும் அப்படியே. சாதாரணத் துப்பாக்கியில் பின்னாளில் செதுக்கி உயர்தரமாகக் காட்டும் மோசடியும் உண்டு. வரிசை எண்ணை எஞ்சியுள்ள தொழிற்சாலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குட்டு உடையும். 1980-களில் ஜப்பானில் செய்த மறுபதிப்புகள் நேர்த்தியானவைதான், ஆனால் அவற்றின் கணக்கு வேறு.