கோவளம் (செங்கல்பட்டு மாவட்டம்)

கோவளம், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள மீனவர் ஊர். கேரளத்துக் கோவளம் வேறு. தாம்பரத்திலிருந்து வருவோர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக, உப்பளங்களைக் கடந்து கடற்கரையை அடையலாம்.

இன்று சுற்றுலாத் தலமாக அறியப்படும் இவ்வூர் ஒரு காலத்தில் துறைமுகம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆஸ்டெண்ட் நகர வணிகர்கள் இங்கே பண்டகசாலை நடத்தினர். 1722இல் புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் பட்டயம் பெற்ற அவர்களின் கம்பெனி, ஆங்கிலேய, டச்சு எதிர்ப்பால் 1731இல் கலைந்தது.

அந்தப் பண்டகசாலையின் இடிபாடுகளுக்கு அருகே ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் கோட்டை கட்டினார். அது பறிபோன கதையை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் விவரிக்கிறார். 1750இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அபயக்குறி காட்டி நங்கூரமிட்டது. மாலுமிகள் நோயால் மடிகிறார்கள், கரையேற விடுங்கள் என்று வேண்டினர். நல்ல பணம் கிடைக்கும் என்று நம்பிய கில்லேதார் (கோட்டைத் தலைவர்) இசைந்தார். மெலிந்து நோயுற்றவர் போலிருந்த முப்பது பேர் உடைக்குள் ஆயுதம் மறைத்து உள்ளே வந்தனர். அன்றிரவே கோட்டை அவர்கள் கையில். 1752இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார். போர் பழகாத அவருடைய புதுச் சிப்பாய்களில் ஒருவன் பயந்தோடி, மறுநாள் கிணற்றுக்குள் கண்டெடுக்கப்பட்டான். பின்னர் அரண்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

கோட்டை இருந்த இடத்தில் 1970களில் தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி எழுந்தது. அந்தக் கோட்டையை டச்சுக் கோட்டை என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், நவாபின் கோட்டை என்பதே ஏற்கத்தக்கது. தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் அன்னை தேவாலயமும் இன்றும் மக்கள் திரளும் இடங்கள்.

2004 சுனாமிக்குப் பின் மீண்ட ஊருக்கு, அடுத்த பத்தாண்டில் அலைச்சறுக்கு புதுப்பெயர் தந்தது. அதைக் கற்றுத்தருவோர் பலர் மீனவ இளைஞர்கள்; அலையின் போக்கைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள். தூய கடற்கரைகளுக்கென 1985இல் பிரான்சில் தொடங்கிய நீலக்கொடிச் சான்று 2021இல் கோவளத்துக்குக் கிடைத்தது.

வலை உலரும் மணல் மீனவர்களின் தொழிற்களம். அங்கே செல்வோர் வலையை மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டும்.