கொல்லிமலைப் பழங்குடி மாணவர்களின் உயர்கல்வி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர அமைந்த வழிகளின் வரலாறு இது. 1913 வாக்கில் மலையேறிய ஜெஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி மருத்துவத்தோடு பள்ளிகளும் தொடங்கினர். 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸி இறந்தார். பின்னாளில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் செங்கரையில் ஏகலவ்யா பள்ளியும் வந்தன. தொழிற்பயிற்சி நிலையமும் மலையிலேயே உண்டு. பட்டப்படிப்புக்கோ ராசிபுரம், நாமக்கல் என்று இறங்க வேண்டும். காரவள்ளிப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

ஆனால் தடை பாதையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான 1 சதவீத இட ஒதுக்கீடு 1990 வாக்கில்தான் தனியாகப் பிரிந்தது. அதுவரை பட்டியல் சாதியினரோடு சேர்த்து 18 சதவீதம். அந்த ஒன்றைப் பெறவும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் தாசில்தார் அல்லர், கோட்டாட்சியர். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு, உண்மையான பழங்குடிக் குடும்பத்தையே விண்ணப்பக் காலத்தில் அலைக்கழிக்கிறது. மலையாளிகளைப் பழங்குடியாக ஏற்கும் பட்டியல் பழைய மாவட்டங்களின் பெயரால் அமைந்தது. சேலம் அதில் உண்டு. சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல்லுக்கும் உரிமை தொடர்ந்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகளுக்கு அது இல்லை. மாவட்ட எல்லையை வைத்து ஒருவர் பழங்குடியா என்று முடிவு செய்வது எந்த நியாயத்திலும் சேராது.

பண உதவியில் மூத்தது மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பழங்குடியினருக்கு 1948-49 முதல் நீட்டிக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. விடுதியும் பஸ்ஸும் போக இதில் மிஞ்சுவது குறைவுதான். ஆனாலும் வீட்டில் கையேந்தாமல் பாதியில் நிற்காதிருக்க இது உதவும்.

அண்டை மலைகளில் பலன் தெரியத் தொடங்கிவிட்டது. 2024-ல் பச்சமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பெற்றார். 2025-ல் கல்வராயன்மலையின் கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறி, சென்னை ஐ.ஐ.டி.க்குத் தகுதி பெற்றார். அவருடைய படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு அறிவித்தது.