ஊருக்குச் சொந்தமான சாவு

2023 டிசம்பர் 8ஆம் தேதி, அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்திலுள்ள நீனா என்ற சிறு நகரத்தின் தேவாலயத்தில், பாடகர் ஷேன் மெக்கவனின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அவருடைய குடும்பத்தார் எழுந்து நின்று ஆடினார்கள். க்ளென் ஹான்சர்டும் லிசா ஓ'நீலும் மெக்கவனின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை டப்ளின் தெருக்களில் குதிரை வண்டியில் அவர் உடல் போனபோது வழிநெடுகக் கூட்டம் நின்றது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த பிற நாட்டவர் பலருக்கு, சாவு வீட்டைக் கச்சேரி மேடையாக்கிய நட்சத்திர மோகமாகவே இது தோன்றியிருக்கும். நான் அதை ஏற்கவில்லை. அயர்லாந்து தன் பாடகர்களையும் ஆட்டக்காரர்களையும் அடக்கம் செய்யும் விதம், தொலைக்காட்சிக்கும் இசைத்தட்டுக்கும் வெகு முந்தைய ஒரு கிராம வழக்கத்தின் நீட்சி. இறந்தவர் குடும்பத்துக்கு மட்டும் உரியவரல்ல, ஊருக்கும் உரியவர் என்று அந்த வழக்கம் சொல்கிறது. புகழ் அந்த ஊரின் எல்லையை அகலமாக்கியது, அவ்வளவுதான்.

'வேக்' என்று அங்கே சொல்லப்படும் அந்த வழக்கத்தில், இறந்தவரின் உடலை வீட்டிலேயே கிடத்தி அக்கம்பக்கத்தார் இரவு முழுவதும் கண்விழித்து உடனிருப்பார்கள். கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். வந்தவர்களுக்குப் புகையிலையும் களிமண் சுங்கானும் மதுவும் கொடுப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஒப்பாரி பாடுகிறவர்களும் இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு இளைஞர்கள் கதை சொல்வார்கள், மல்லுக்கட்டுவார்கள், ஆட்டமும் கூத்தும் நடத்துவார்கள். கத்தோலிக்க ஆயர்கள் 17ஆம் நூற்றாண்டு தொடங்கித் திரும்பத் திரும்ப இந்த ஆட்டங்களையும் கூலி ஒப்பாரியையும் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே தடையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்றால், தடைக்கு யாரும் அடங்கவில்லை என்றுதான் பொருள். நீனா தேவாலயத்தில் ஆடிய கால்களுக்கு முன்னோர் அந்த இரவுகளில் ஆடியவர்களே. திருச்சபை வாசலுக்கு வெளியே நிறுத்த முயன்ற ஆட்டம் கடைசியில் பலிபீடத்தின் முன்னாலேயே நடந்தது.

இந்த வழக்கம் பெரிய கலைஞனுக்கு எப்படி விரிந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான சான்று டர்லோ ஓ'கரோலன். 1670இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் அம்மையால் கண்ணிழந்தவர். மெக்டெர்மட் ரோ குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அவருக்கு ஹார்ப் கற்க ஏற்பாடு செய்து, குதிரையும் வழித்துணையும் கொடுத்து அனுப்பிவைத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று, விருந்தளித்தவர்கள் பெயரில் மெட்டுகள் கட்டினார். 1738 மார்ச்சில், தன்னை முதலில் ஆதரித்த அதே வீட்டுக்குத் திரும்பி வந்து இறந்தார். நான்கு நாள் வேக் நடந்தது. நாடெங்கிலுமிருந்து ஹார்ப் வாசிப்பவர்கள் வந்தார்கள் என்று மரபு சொல்கிறது. அவர் யாருக்கும் அதிகாரியோ நிலக்கிழாரோ அல்ல. அவர் சாவால் சொத்தோ பதவியோ கைமாறவில்லை. ஆனால் மெட்டு வாங்கிக்கொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் மீது ஓர் உரிமை இருந்தது. அந்த உரிமைதான் அவர்களை அங்கே கூட்டியது.

உரிமை என்ற சொல்லை நான் மனமறிந்தே பயன்படுத்துகிறேன். டான் டானலியின் கதை அதன் கரடுமுரடான முகத்தைக் காட்டுகிறது. டப்ளினின் தச்சுத் தொழிலாளியான இந்தக் குத்துச்சண்டை வீரர் 1815 டிசம்பரில், கில்டேர் மாவட்டத்துக் கரக் புல்வெளியிலுள்ள ஒரு பள்ளத்தில், ஜார்ஜ் கூப்பர் என்ற ஆங்கிலேயரை வீழ்த்தினார். அந்தப் பள்ளத்துக்கே அவர் பெயர் வந்தது. வெற்றிக்குப் பின் அவர் நடந்து மேலேறிய காலடிகள் என்று புல்லில் குழிகளை இன்றும் காட்டுகிறார்கள். மதுக்கடைகள் நடத்தி நொடித்துப்போய் 1820 பிப்ரவரியில், முப்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் இறந்தார். டப்ளினின் ஏழைகள் காசில்லாமல் புதைக்கப்பட்ட கில்மெய்னம் மயானத்தில் அடக்கமானார். அக்காலத்தில் மருத்துவப் பள்ளிகளுக்கு விற்கப் பிணம் திருடுகிறவர்கள் இருந்தார்கள்; அவர்கள் டானலியையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். நகரம் கொதித்தது. உடல் திரும்பக் குழிக்கு வந்தது, வலது கை மட்டும் வரவில்லை. பதப்படுத்தப்பட்ட அந்தக் கை கடல் கடந்து போய், காட்சிப்பொருளாகச் சுற்றி, 20ஆம் நூற்றாண்டில் கில்கல்லன் ஊர் மதுக்கடையொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. வழக்கமாக இதை விநோதச் செய்தியாகத்தான் சொல்கிறார்கள். அந்தக் கொதிப்பைத்தான் நான் கவனிக்கிறேன். எத்தனையோ ஏழைகளின் உடல்கள் அதே மயானத்திலிருந்து சத்தமில்லாமல் போயின. டானலியின் உடல் போனபோது மட்டும், தங்களுக்குச் சொந்தமான ஒன்றை யாரோ திருடிவிட்டதாக நகரத்து மக்கள் உணர்ந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழக்கத்துக்குப் புதிய கனம் ஒன்று சேர்ந்தது. 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். அதற்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். கப்பலேறுகிறவன் புறப்படுவதற்கு முந்தைய இரவு அவன் வீட்டில் 'அமெரிக்க வேக்' நடத்தினார்கள்: உயிரோடிருப்பவனுக்கு இறந்தவனுக்குரிய எல்லாமும், இசையும் ஆட்டமும், விடியும்போது ஒப்பாரியும். திரும்பி வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி அனுப்பிவைத்தே பழகிய நாட்டில், வெளியே இறந்த ஒருவரின் உடல் திரும்பி வருவது எத்தனை பெரிய நிகழ்ச்சியாக இருந்திருக்கும்! டேனியல் ஓ'கானல் 1847இல் ஜெனோவாவில் இறந்தார். பார்னெல் 1891இல் இங்கிலாந்தின் தென்கரையில் இறந்தார். ஓ'டொனவன் ரோசா 1915இல் நியூயார்க்கில் இறந்தார். அரசியல் தலைவர்களான இந்த மூவரின் உடலும் கடல் கடந்து வந்து டப்ளினின் க்ளாஸ்னெவின் மயானத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே அடக்கமாயின.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: பாடகருக்கும் ஆட்டக்காரருக்கும் கூடும் கூட்டம் அந்த அரசியல் ஊர்வலங்களின் நகல்தானே, அதற்கு எதற்குக் கிராமத்து வேக்கைத் தேடிப் போக வேண்டும்? நகல் ஓரளவு உண்மை; நகரத்தில் ஊர்வலம் நடத்தும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் உடல் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். அரசியல் தலைவர்கள் தேசத்தின் மயானத்துக்குப் போனார்கள். உலகமெங்கும் மேடையேறிய 'தி க்ரான்பெர்ரீஸ்' குழுவின் டொலொரஸ் ஓ'ரியோர்டன் 2018 ஜனவரியில் லண்டனில் 46 வயதில் இறந்தபோது, லிமரிக் நகரத் தேவாலயத்தில் மக்கள் வரிசையில் நின்று பார்த்துப்போனார்கள். பிறகு அவர் பிறந்து வளர்ந்த பேலிப்ரிக்கன் என்ற கிராமத்தில் இறுதிச் சடங்கும் அந்தப் பகுதியிலேயே அடக்கமும் நடந்தன. ஹாலிவுட்டிலும் லண்டனிலும் குத்துச்சண்டைக்காரராகவும் பாடகராகவும் கொடிகட்டிப் பறந்து, 1978இல் லண்டனில் கையில் காசில்லாமல் இறந்த ஜாக் டாயில், சொந்த ஊரான கோவுக்குத்தான் கொண்டுவரப்பட்டார். ஸ்லைகோ மாவட்டத்து வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1945இல் நியூயார்க்கில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். உடல் வராத குறைக்கு ஊரார் பிறந்த மண்ணில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். தேசம் ஒரு மயானத்தைத்தான் கேட்கிறது. ஊர் கேட்பது தன் பிள்ளையை.

புகழும் ஊடகமும்தான் காரணம் என்பவர்களுக்குக் கிறிஸ்டி ரிங்கைவிட நல்ல பதில் கிடையாது. கட்டையும் தோல்பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் அயர்லாந்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாத ஆட்டம். சம்பளமில்லாமல் ஆடப்படுவது, மாவட்டத்துக்காகவும் திருச்சபைப் பங்கின் பெயரிலுள்ள கழகத்துக்காகவும் ஆடுவது. ரிங் கார்க் மாவட்டத்துக்காக 1941 முதல் 1954 வரை எட்டு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். எண்ணெய் நிறுவனமொன்றில் லாரி ஓட்டிப் பிழைத்தார். அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியதே 1961இன் கடைசி நாளில். அதற்குள் ரிங்கின் பெரிய ஆட்டங்கள் முடிந்துபோயிருந்தன. வானொலி வர்ணனை இருந்தது, உண்மைதான். ஆனால் வானொலியில் பெயர் கேட்டவர்கள் எத்தனை பேர் மாரடைப்பில் தெருவில் விழுந்து இறந்த 58 வயதுக்காரருக்காகத் தொழிலை நிறுத்திவிட்டு வருவார்கள்? 1979 மார்ச்சில் கார்க் நகரிலிருந்து அவர் பிறந்த க்ளாய்ன் கிராமம் வரை வழியெங்கும் நின்றவர்கள் சுமார் 60,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். குழியருகே பேசியவர் ஜாக் லிஞ்ச். அவர் அப்போது நாட்டின் பிரதமர். ஆனாலும் ரிங்குடன் ஒரே அணியில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்ற பழைய கூட்டாளியாகவே அங்கே நின்றார்.

இந்த ஊர் உரிமைக்கு மதவேலி உண்டா என்பதை வடக்கு அயர்லாந்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே சாவு ஊர்வலமே பல காலம் ஒரு தரப்பின் பலத்தைக் காட்டும் அணிவகுப்பாக இருந்தது. 1975 ஜூலை 31 அதிகாலையில், பான்பிரிட்ஜில் கச்சேரி முடித்து டப்ளின் திரும்பிய மயாமி ஷோபேண்ட் குழுவின் வண்டியை, ராணுவச் சீருடையில் நின்ற ஆயுதக்காரர்கள் நியூரிக்கு அருகே மறித்தார்கள். அவர்கள் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் தரப்பின் தீவிரக் குழுவினர். ரகசியமாக வண்டியில் வைக்க முயன்ற குண்டு வெடித்து அவர்களில் இருவர் மாண்டார்கள். மற்றவர்கள் சுட்டதில் ஃப்ரான் ஓ'டூல், டோனி ஜெராட்டி, ப்ரையன் மெக்கோய் ஆகிய மூன்று இசைக்கலைஞர்கள் இறந்தார்கள். மெக்கோய் டிரோன் மாவட்டத்துப் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஒரே மேடையில் வாசித்து, எல்லையின் இருபுறமும் ஒரே நடனக்கூடத்தில் இளைஞர்களைச் சேர்த்த குழு அது. எல்லை தாண்டி வாசிக்கப் போக இசைக்குழுக்கள் அஞ்சிய காலம் அதற்குப் பின் வந்தது. ஆகவே கலைக்கு மதமில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் 2000 ஜூலையில் நடந்ததை ஒதுக்க முடியாது. பேலிமணி ஊரின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஜோயி டன்லப், மேன் தீவுப் பந்தயத்தில் 26 முறை வென்றவர். உணவும் துணியும் ஏற்றிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ருமேனியாவின் அநாதை இல்லங்களுக்கும் போஸ்னியாவுக்கும் போய்வந்தவர். எஸ்டோனியாவின் தாலினில், மழை ஈரத்தில் நடந்த பந்தயத்தில் மரத்தில் மோதி 48 வயதில் இறந்தார். ட்ரம்க்ரீ என்ற இடத்தில் இரு தரப்புக்கும் இடையே மூண்ட ஊர்வலத் தகராறில் சாலைகள் மறிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில், கிராமத்துச் சிறு ப்ரெஸ்பிட்டீரியன் தேவாலயத்துக்கு சுமார் 50,000 பேர் இரு தரப்பிலிருந்தும் வந்தார்கள். 2005 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டன்ட் குடியிருப்பொன்றில் வளர்ந்த கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்டின் இறுதி ஊர்வலத்துக்காக, நகரத் தெருக்களில் மழையில் நின்றவர்களும் ஒரே மதத்தவர் அல்லர். இதனால் சமாதானம் வந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் தரப்புப் பார்த்த ஊர்களிலும், துக்கம் விசாரிக்கப் போகும் வழியில் தரப்புப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுவது வேறொன்று. செத்தபின் கொண்டாடும் ஊர், உயிரோடிருந்தபோது என்ன செய்தது? பெஸ்டின் தாயும் குடியால் 1978இல் இறந்தவர். மகன் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் குடித்து, 59 வயதில் போய், தாயின் பக்கத்தில் புதைக்கப்பட்டார். அவர் குடித்ததைப் பலர் ஒரு நகைச்சுவைக் கதையாகவே சொல்லிவந்தார்கள். மெக்கவனின் குடியையும் அப்படித்தான் ரசித்தார்கள். ஷினெய்ட் ஓ'கானர் 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் திருச்சபை மறைக்கிறது என்று காட்டப் போப்பின் படத்தைக் கிழித்தபோது, சொந்த நாட்டிலும் பலர் அவரைப் பைத்தியம் என்றார்கள். அவர் சொன்னதை அரசு விசாரணைகள் 2005க்கும் 2009க்கும் இடையே அறிக்கை மேல் அறிக்கையாக உறுதிசெய்தன. 2023 ஆகஸ்டில், இஸ்லாத்தைத் தழுவியிருந்த அவருக்கு இமாம் ஒருவர் தொழுகை நடத்த, அவர் பல காலம் வாழ்ந்த ப்ரே கடற்கரைச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் நின்று வண்டி மேல் பூப்போட்டார்கள். மதச் சடங்கு மாறினாலும் ஊர் வழக்கம் மாறவில்லை என்பதற்கு அது சான்று. கேட்க வேண்டிய நேரத்தில் அவரை யாரும் கேட்கவில்லை என்பதற்கும் அதே கூட்டம்தான் சான்று. இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. உரிமை கோருவது வேறு, காப்பாற்றுவது வேறு. அந்த வழக்கத்துக்கு முன்னதுதான் நன்றாகத் தெரியும்.

ஆனால் துக்கம் கூடிக் கலைவதோடு எப்போதும் முடிந்துவிடவில்லை. டிரோன் மாவட்டக் கேலிக் கால்பந்து அணியின் தலைவர் கார்மக் மெக்கனலன், 2003இல் அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற சில மாதங்களில், 2004 மார்ச் 2 அன்று வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். அதுவரை வெளித்தெரியாத இதயக் கோளாறுதான் காரணம், வயது 24. அவர் ஊரிலும் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அவர் குடும்பத்தார் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, இளம் ஆட்டக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை வேண்டும், நின்ற இதயத்தை மின் அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவி ஒவ்வொரு மைதானத்திலும் வேண்டும் என்று கழகம் கழகமாகப் போய்ச் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்த அதே ஊர்க் கழகங்கள்தான் அந்தக் கருவிகளைப் பணம் திரட்டி வாங்கி, ஆடுகளத்தின் சுவரில் மாட்டின.