வரைகருவியைத் திருத்தியவர் யார்?

ஆரணிப் பட்டுப் புடைவையின் கரையில் ஒரு மாங்காய் உருவம் நெய்யப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாங்காய் தறிக்கு வருமுன் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகிறது. தாளின் ஒவ்வொரு நெடுவரிசையும் தறிக்கு மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டியின் ஒரு கொக்கியைக் குறிக்கும். ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் அட்டையைக் குறிக்கும். கட்டம் நிறம் பெற்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அட்டையில் துளை உண்டு அல்லது இல்லை. துளை இருந்தால் கொக்கி மேலே போகும். அதனோடு பாவு இழையும் உயரும். துளை இல்லையேல் இழை கிடந்தபடி கிடக்கும். 240 கொக்கிகளும் 300 அட்டைகளும் கொண்ட ஒரு சாதாரண வடிவத்துக்கே 72,000 கட்டங்களில் 'உண்டு, இல்லை' என்று முடிவு சொல்லியாக வேண்டும். கணிப்பொறியின் மொழியும் இதுவே என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சென்ற ஆண்டு என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, இலவசமாகக் கிடைக்கும் ஓவிய மென்பொருள் ஒன்றில் அழகான மாங்காய் ஒன்றை வரைந்து தம் தந்தையாரிடம் காட்டினார். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது தறியில ஏறுனா புடலங்காயா நீண்டுடும்டா" என்றாராம். மாணவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து காரணம் கேட்டார். எனக்கும் உடனே தோன்றவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது.

பாவில் ஓர் அங்குலத்துக்கு 96 இழைகள், ஊடையில் ஓர் அங்குலத்துக்கு 72 இழைகள் என்று கொள்வோம். ஒரு கொக்கிக்கு ஓர் இழை. திரையில் 48 கட்டம் அகலமும் 48 கட்டம் உயரமுமாக வரைந்த மாங்காய், துணியில் 48/96, அதாவது அரை அங்குல அகலம் பெறும். உயரமோ 48/72, அதாவது மூன்றில் இரண்டு அங்குலம். திரையின் கட்டம் சதுரம். துணியின் கட்டம் 3:4 என்ற விகிதத்தில் செங்குத்தாக நீண்ட செவ்வகம். அகலமும் உயரமும் சமமாக வரவேண்டுமானால் உயரத்துக்கு 36 கட்டங்களே வரைய வேண்டும். தந்தையார் வகுத்தல் எதுவும் செய்யவில்லை. இத்தனை ஆண்டு நெய்த கை அதைச் சொல்லிவிட்டது.

அவர் இன்னொரு குறையும் சொன்னார். மென்பொருளில் ஒரு சொடுக்கில் மாங்காயின் வயிறு முழுவதும் நிறம் நிரம்பிவிடுகிறது. தாளில் அப்படி நிரப்பினால், 30 கட்டம் அகலமுள்ள இடத்தில் ஜரிகை 30 பாவு இழைகளின் மேல் எங்கும் பிடிப்பின்றிக் கிடக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்குலம்! வளையல் பட்டால் மாட்டும், இழுபடும். ஆகையால் கட்டத்தாளில் வரைபவர் இடையிடையே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த வரியில் சற்று விலக்கி இன்னொன்றை விட்டு, ஜரிகையைப் பாவோடு பிடித்துக் கட்டுவார். ஓவியத்துக்கென்று செய்த கருவிக்கு இது தெரிய நியாயமில்லை. திரையில் இருப்பது நிறம். அங்கே எதுவும் அவிழாது.

இவ்விரண்டும் பயன்படுத்துவோர் கூறும் குறைகள். இத்தகைய குறைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதில்தான் கருவிகளின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஜக்கார்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம்.

அதை ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1725இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். 1728இல் ஃபால்கோன் காகிதத்தை விட்டு அட்டைகளுக்கு மாறினார். 1745இல் வோகான்சோன் பொறியமைப்பைத் தறியின் தலைக்கு மேல் ஏற்றினார். இவற்றை ஒன்றுசேர்த்து 1804இல் ஜக்கார்டு தம் பொறியை அமைத்தார். 1806இல் பிரெஞ்சு அரசு ஆணை ஒன்றின் மூலம் அப்பொறியைப் பொதுவுடைமையாக்கியது. ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகையும், ஆறு ஆண்டுகளுக்குத் தறி ஒன்றுக்கு 50 பிராங்கும் கிடைத்தன. ஆனால் பொறி குறையற்றதாக இல்லை. வேலை போய்விடும் என்ற அச்சத்தால் மட்டுமின்றி, அட்டைகளை நகர்த்தும் பகுதி சரிவர இயங்காமையாலும் நெசவாளர் அதை வெறுத்தனர். 1815ஐ ஒட்டி ழான் அந்துவான் பிரெத்தோன் என்பவர் அந்தப் பகுதியைத் திருத்தினார். அதன் பிறகே பொறி தாராளமாகப் பரவியது. பொதுவுடைமையான பொறியைத் திருத்த அவர் எவரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. இன்று பெட்டியின் பெயரில் ஜக்கார்டு இருக்கிறார். பிரெத்தோனை யாருக்கும் தெரியாது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஜக்கார்டு வருமுன் வடிவங்கள் 'அடை' என்னும் நூல் கட்டுகளில் சேமிக்கப்பட்டிருந்தன. வடிவத்தை மாற்றினால் முடிச்சுகளையே மாற்ற வேண்டும். அட்டை வந்ததும் வடிவம் தறியிலிருந்து பிரிந்து, கழற்றி மாட்டக்கூடிய தனிப்பொருள் ஆயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். லியோன் நகரப் பொறியைப் போலவே, உள்ளமைப்பை எவரும் பார்த்துத் திருத்தலாம் என்று விடப்பட்ட மென்பொருள்கள் உள்ளன. திறந்த மூல மென்பொருள் என்று இவற்றை அழைப்பர். அசைவூட்டப் படங்கள் செய்ய உதவும் 'பிளெண்டர்' அவற்றுள் ஒன்று. அதை வைத்திருந்த நிறுவனம் நின்றுபோனபோது, உருவாக்கியவரான டோன் ரோசண்டால் பொதுமக்களிடம் நிதி கேட்டார். ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ சேர்ந்தது. 2002 அக்டோபரில் அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது.

அதற்குள் 'கிரீஸ் பென்சில்' என்றொரு வரைகருவி உண்டு. கண்ணாடி மீதும் படச்சுருள் மீதும் குறியிடும் மெழுகுப் பென்சிலின் பெயர் அது. 2008இல் ஜோஷுவா லியுங் என்பவர் இதனைச் சேர்த்தபோது நோக்கம் மிக எளியது: முப்பரிமாண உருவத்தின் மேல் 'இந்தக் கையை உயர்த்துக' என்பது போன்ற குறிப்புகளைக் கிறுக்குவது. ஓவியர்களோ அதில் குறிப்பு எழுதவில்லை, படம் வரைந்தார்கள்! ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியே கிறுக்க முடிந்ததால் அந்தக் கிறுக்கல்கள் ஓடின, ஆடின. பிறகு நிறம் நிரப்ப வேண்டும், தூரிகை வேண்டும், அடுக்குகள் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர்களுள் சிலர் தாமே நிரலாளருடன் அமர்ந்து வேலையும் செய்தார்கள். 2019 ஜூலையில் வெளிவந்த 2.80 பதிப்பில் அது முழுமையான ஓவியக் கருவி ஆயிற்று. அதே ஆண்டு, 'நான் என் உடலை இழந்தேன்' என்று பொருள்படும் தலைப்புடைய பிரெஞ்சு அசைவூட்டப் படம், இக்கருவியின் துணையால் உருவாகிக் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்றது.

குறிப்பெழுதக் கட்டிய அடித்தளத்தின் மேல் இத்தனை மாடிகள் எழுந்தால் சுவர் தாங்குமா? 2024 நவம்பரில் வந்த 4.3 பதிப்புக்காகக் கருவியை அடியோடு மறுபடி எழுதினார்கள். இதனால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு: திரையில் நாம் காணும் கோடு உண்மையில் புள்ளிகளின் வரிசையே. பழைய அழிப்பான் தன் வட்டத்துக்குள் அகப்பட்ட புள்ளிகளை நீக்கும். புள்ளிகள் தூரத்தூர இருந்தால் நாம் நினைத்த இடத்தில் கோடு வெட்டுப்படாது. புதிய அழிப்பான், வட்டமும் கோடும் சந்திக்கும் இடத்தைக் கணக்கிட்டு அங்கே ஒரு புதுப்புள்ளியை வைத்து வெட்டுகிறது. பள்ளியில் நாம் படித்த ஆயத்தொலை வடிவியல்தான்!

தீமையும் இருந்தது. பழைய அமைப்பை நம்பிப் பலர் எழுதி வைத்திருந்த துணைநிரல்கள் வேலை செய்யாமல் போயின. அதே பதிப்பில் தூரிகைகளை வைத்திருக்கும் முறையும் மாறியதால், பழகிய கை தடுமாறியது. முந்தைய 4.2 பதிப்பு நீண்டகாலப் பராமரிப்புக்கு உரியதாக அறிவிக்கப்பட்டிருந்தமையால், வேலையின் நடுவில் இருந்தவர்கள் பழைய கருவியிலேயே தங்க முடிந்தது. புதுத்தறி வந்த அன்றே பழைய தறியைப் பிரித்து விறகாக்காமல் விட்டதைப் போல.

குறை சொல்லும் முறை ஒன்றையும் இவர்கள் வகுத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் பிழை? எந்தப் பதிப்புவரை சரியாக இருந்தது? என்னென்ன செய்தால் அந்தப் பிழை மற்றவர் கணிப்பொறியிலும் தோன்றும்? நம் ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதும் ஒழுங்கு இது. 'நன்றாக இல்லை' என்று எழுதினால் எவரும் எதையும் திருத்த முடியாது. 'புடலங்காயா நீண்டுடும்' என்பதிலோ அளவிடக்கூடிய செய்தி இருக்கிறது.

நெசவுக்கென்றே ஒரு திறந்த மூல மென்பொருள் நம் நாட்டில் உண்டு. டிஜிட்டல் இந்தியா கழகம் உருவாக்கிய 'டிஜிபுனாய்' ஜக்கார்டு, டாபி இருவகைத் தறிகளுக்கும் வடிவம் அமைக்க உதவுகிறது. எனினும் வீட்டில் இருப்பதை வைத்து வேலை செய்பவர்களே மிகுதி. என் மாணவரும் அவர்களுள் ஒருவர். தாம் பயன்படுத்திய ஓவிய மென்பொருளைச் செய்தவர்களுக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து எழுதினோம். 48க்கு 48 மாங்காய் ஒன்று, 48க்கு 36 மாங்காய் ஒன்று, கட்டங்களை நீள்சதுரமாக்கிக் காட்டும் வசதி வேண்டும் என்ற கோரிக்கை. ஜரிகைச் செய்தியை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு கேள்வி வந்தது: 3:4 என்ற விகிதத்தை நிலையாக வைத்துவிட்டால் போதுமா? மாணவர் அதை வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னார். தந்தையார் சிரித்தாராம். "தறிக்குத் தறி மாறும். நம்ம எதிர்வீட்டுத் தறியே வேற கணக்கு. எண்ணை நாமளே போட்டுக்கிற மாதிரி விடச் சொல்லு." அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறோம்.